நூறடிக் கப்பலின் போர்

துறைமுகங்களின் போர் – 9

சென்ற வாரம், பேர்ல் ஹார்பர் மீதான ஜப்பானியத் தாக்குதலில் 'அரிசோனா' என்ற போர்க்கப்பல் வெடித்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். 1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி தாண்டிச் சில நிமிடங்கள். அந்த ஒரு கப்பலில் மட்டும் 1,177 பேர் போனார்கள். பேர்ல் ஹார்பரைப் பற்றி எழுதியவர்களில் பலர் இந்த இடத்தோடு துறைமுகத்தை விட்டுவிட்டு வாஷிங்டனுக்குப் போய்விடுகிறார்கள். ரூஸ்வெல்ட்டின் உரை, போர்ப் பிரகடனம், பசிபிக் யுத்தம் என்று கதை விரிகிறது. நாம் துறைமுகத்திலேயே இருப்போம். ஏனென்றால் அங்கே வேலை அப்போதுதான் தொடங்கியது. எரிகிற கப்பலிலிருந்து எரியாத கப்பலைப் பிரிக்க வேண்டும். மூழ்கப் போகிற கப்பலை, மற்றவற்றின் வழியை மறிக்காத இடமாகப் பார்த்து ஒதுக்க வேண்டும். எண்ணெய் மிதக்கும் நீரில் கிடக்கிறவர்களைத் தூக்க வேண்டும். அத்தனையிலும் முன்னால் நின்றவை துறைமுகத்தின் இழுவைக் கப்பல்கள். துறைமுகத்துக்காரர்கள் சொல்வதுபோல் நாமும் டக் என்றே சொல்வோம்.

அன்றைய போரின் முதல் வெடியும் ஓர் இழுவை வடத்தின் பக்கத்தில்தான் விழுந்தது. 'அன்டாரிஸ்' என்ற சரக்குக் கப்பல் எஃகு பார்ஜ் ஒன்றை இழுத்துக்கொண்டு துறைமுக வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. அதனிடமிருந்து பார்ஜை வாங்கிக்கொள்ள வேண்டிய டக்கின் பெயர் 'கியோசான்குவா'. துறைமுகங்களில் தினமும் நடக்கிற கைமாற்றம் இது. அன்று அன்டாரிஸின் பின்னால் இன்னொன்றும் வந்தது: இரண்டே ஆட்கள் கொண்ட ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கி. கப்பலோடு ஒட்டி வந்தால் வலைக்கதவைக் கடந்து உள்ளே நுழைந்துவிடலாம் என்பது அதன் கணக்கு. காவலில் இருந்த 'வார்டு' என்ற டெஸ்ட்ராயர் அதைப் பார்த்துவிட்டது. காலை 6.45 மணிக்குச் சுட்டு மூழ்கடித்தது. விமானங்கள் வந்து முதல் குண்டைப் போட அப்போது இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த நீர்மூழ்கி 2002-ல் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது. குண்டு துளைத்த ஓட்டை அப்படியே இருந்தது.

இனி 'ஹோகா' என்ற டக்குக்கு வருவோம்.

*

முதலில் ஒரு டக் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் அன்று நடந்தது விளங்காது.

நடுக்கடலில் ராஜாவாக நிற்கிற கப்பல் துறைமுகத்துக்குள் வந்தால் கை கால் கட்டப்பட்டதாகிவிடும். சுக்கான் சொன்னபடி கேட்க வேண்டுமானால் அதன்மேல் தண்ணீர் வேகமாகப் பாய வேண்டும். அதற்குக் கப்பல் வேகமாக ஓட வேண்டும். துறைமுகத்துக்குள் அந்த வேகம் ஆகாது. ஆகவே முப்பதாயிரம் டன் எடையை மெல்லத் திருப்பி, மெல்ல நிறுத்தி, சுவரில் உரசாமல் ஒதுக்க வெளியிலிருந்து கை கொடுக்க ஆள் வேண்டும். தேர் ஓட்டத்தில் வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் கண்ணில் படுவார்கள். வீதி முனையில் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற சிலர் கையில் இருக்கிறது. டக்கில் இருப்பவர்கள் அந்தச் சிலர்.

அன்றைய டக்கின் மூக்கில் பழைய கயிறுகளைப் பின்னி முறுக்கிச் செய்த தடித்த மெத்தை ஒன்று தொங்கும். அதைக் கப்பலின் பக்கவாட்டில் பதித்து முட்டித் தள்ளுவது ஒரு வேலை. வடம் கட்டி இழுப்பது இன்னொரு வேலை. கப்பலோடு தன்னைப் பக்கத்தில் சேர்த்துக் கட்டிக்கொண்டு, இரண்டும் ஒரே உடம்பாக நகர்வது மூன்றாவது. வடம் கட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. நுனியில் கனமான முடிச்சுப் போட்ட மெல்லிய கயிற்றை முதலில் மேல்தளத்துக்கு வீசுவார்கள். அதைப் பிடித்து இழுத்தால் அதன் வாலில் கட்டிய மணிலா வடம் மேலே ஏறும். நனைந்த மணிலா வடம் கையைத் தோலுரிக்கும். அது இறுகிப் பிழிந்து தண்ணீர் சொட்டும்போது அதற்கு நேராக யாரும் நிற்க மாட்டார்கள். அறுந்தால் திரும்பி வருகிற வேகத்தில் காலை வெட்டிவிடும். இதைவிடப் பெரிய ஆபத்து, இழுபடுகிற கப்பல் சட்டென்று பக்கவாட்டில் போய் வடம் டக்கின் விலாவில் இழுப்பது. அப்படி இழுபட்டால் டக் கவிழ்ந்துவிடும். உள்ளே இருப்பவர்களுக்கு வெளியேற நேரம் கிடைக்காது. இதெல்லாம் சமாதான காலத்து ஆபத்துகள். குண்டு விழாத நாளில் நடக்கிறவை.

ஹோகாவை நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், மோரிஸ் ஹைட்ஸ் என்ற இடத்தில் 1940 ஜூலையில் கட்டத் தொடங்கினார்கள். அந்த ஆண்டின் கடைசி நாளில் நீரில் இறக்கினார்கள். 1941 மே மாதம் வேலைக்கு வந்தது. நீளம் 100 அடி. அகலம் 25 அடி. எடை 300 டன்னுக்குச் சற்று மேல். கடற்படைக் கணக்கேட்டில் அதன் எண் ஒய்.டி. 146. பனாமா கால்வாய் வழியாகப் பசிபிக்குக்கு வந்து, பேர்ல் ஹார்பரின் பழுதுபார்ப்புத் தளத்தில் மற்ற டக்குகளோடு சேர்ந்துகொண்டது. டிசம்பரில் அது வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்கூட முடிந்திருக்கவில்லை.

அதன் எஞ்சின் பற்றி ஒரு வார்த்தை. அன்றைய பல டக்குகளில் நீராவி எஞ்சின்தான் இருந்தது. ஹோகாவில் இரண்டு டீசல் எஞ்சின்கள். அவை ஜெனரேட்டரைச் சுழற்ற, அந்த மின்சாரத்தில் மோட்டார் ஓட, மோட்டார் விசிறியைச் சுழற்றும். சுமார் ஆயிரம் குதிரைத்திறன். முன்னே போவதிலிருந்து பின்னே இழுப்பதற்கு மாற எஞ்சினை நிறுத்த வேண்டியதில்லை. மின்சாரத்தின் திசையை மாற்றினால் போதும். இதைவிட முக்கியமானது, பாய்லர் சூடேறட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எஞ்சின் குளிர்ந்து கிடந்த ஒரு கப்பல் முதல் குண்டு விழுந்த பத்து நிமிடத்துக்குள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கிளம்ப முடிந்தது என்றால், ஆட்களின் துணிச்சலோடு இந்த டீசலுக்கும் அதில் பங்கு உண்டு.

கப்பலில் சுமார் பத்துப் பேர். தலைமை ஜோசப் மெக்மேனஸ். சீஃப் போஸன்ஸ் மேட் என்பது அவர் பதவி. நம் துறைமுகங்களில் சாரங் என்பார்களே, ஏறக்குறைய அந்த நிலையில் இருந்து உயர்ந்தவர். அதிகாரி வரிசையில் வருகிறவர் அல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை அவர் எடுத்த முடிவுகள் பலவற்றுக்கு மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருக்க நேரமே இருக்கவில்லை.

*

துறைமுகத்தின் நடுவில் ஃபோர்ட் தீவு. அதன் தென்கிழக்குக் கரையோரம் வரிசையாகப் போர்க்கப்பல்கள் கட்டியிருந்தன. சிலவற்றை இரட்டை இரட்டையாகச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் கப்பல் பழுதுபார்க்கும் தளம், உலர்துறைகள், '1010' என்று பெயரிடப்பட்ட நீண்ட துறை. இரண்டுக்கும் நடுவில் உள்ள நீர்ப்பாதையின் ஆழம் சுமார் 12 மீட்டர்தான். இத்தனை ஆழமில்லாத இடத்தில் விமானத்திலிருந்து டார்பிடோ போட முடியாது, அது சேற்றில் புதைந்துவிடும் என்றுதான் அமெரிக்கர்கள் நம்பினார்கள். ஜப்பானியர்கள் டார்பிடோக்களுக்கு மரத்தால் துடுப்புப் போன்ற பகுதிகளைப் பொருத்திப் பல மாதம் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

1010 துறையில் 'ஹெலினா' என்ற குரூசரும், அதன் வெளிப்பக்கத்தில் 'ஓக்லாலா' என்ற பழைய கண்ணிவெடிக் கப்பலும் நின்றன. வந்த டார்பிடோ ஓக்லாலாவின் அடியில் புகுந்து ஹெலினாவைத் தாக்கியது. வெடித்த அதிர்ச்சியில் ஓக்லாலாவின் பழைய தகடுகள் பிரிந்து தண்ணீர் ஏறியது. இனி அது நிற்காது என்று தெரிந்ததும் டக்குகளை வரவழைத்து ஹெலினாவிடமிருந்து பிரித்துப் பின்னால் தள்ளி ஒதுக்கினார்கள். பத்து மணி அளவில் அது கவிழ்ந்தது. பிழைக்கக்கூடிய ஹெலினாமேல் அது சாயவில்லை. சண்டைக்கு நடுவில் ஒரு மருத்துவமனையில் எடுக்கிற மாதிரியான முடிவு இது. இப்படிப்பட்ட முடிவுகள் அன்று துறைமுகம் முழுக்க நடந்தன.

ஹோகா நீரில் தத்தளித்தவர்களைத் தூக்கிக்கொண்டு நேராகப் போனது அரிசோனாவை நோக்கி. அரிசோனாவை ஒட்டி 'வெஸ்டல்' என்ற பழுதுபார்ப்புக் கப்பல் கட்டியிருந்தது. ஏற்கெனவே இரண்டு குண்டுகள் வாங்கியது. அரிசோனா வெடித்தபோது வெஸ்டலின் தளத்தில் இருந்த நூறு பேர் அளவுக்குக் கடலில் வீசப்பட்டார்கள். அதில் அதன் கேப்டன் காசின் யங்கும் ஒருவர். ஆட்கள் கப்பலை விட்டு இறங்கத் தொடங்கியிருந்தபோது, உடம்பெல்லாம் எண்ணெயோடு நீந்தி வந்து மேலே ஏறி, எல்லோரையும் திருப்பி அனுப்பியவர் அவர். கட்டியிருந்த கயிறுகளை அவிழ்க்க நேரமில்லை, கோடாலியால் வெட்டினார்கள். சுக்கான் வேலை செய்யவில்லை. பக்கத்தில் அரிசோனா எரிகிறது. அதன் எண்ணெய் நீரின்மேல் பரவி எரிகிறது. அந்த நேரத்தில் ஹோகா வந்து வெஸ்டலின் அணியத்தைப் பிடித்து, தீயிலிருந்து விலக்கி இழுத்தது. பிறகு வெஸ்டல் தன் எஞ்சினிலேயே மெல்ல ஊர்ந்து போய், அய்யா என்ற இடத்துக் கரையில் தானாகவே தரைதட்டி நின்றது. மூழ்கவில்லை. பசிபிக் போர் முழுக்க அது எத்தனையோ கப்பல்களைப் பழுதுபார்த்துத் திருப்பி அனுப்பியது. அந்தக் கப்பல்களின் கணக்கிலும் ஹோகாவின் இந்தச் சில நிமிட இழுப்பைச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

*

அடுத்தது 'நெவாடா'.

வரிசையின் கடைசியில் தனியாக நின்ற போர்க்கப்பல். அன்று காலை காவல் முறையில் இருந்த இளம் அதிகாரி ஜோசப் டாசிக், வேலையை ஒரு பாய்லரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்காக இரண்டாவது பாய்லரையும் பற்றவைக்கச் சொல்லியிருந்தார். அந்தச் சின்ன வழக்கமான உத்தரவால் நெவாடாவில் நீராவி இருந்தது. சாதாரணமாக அந்தக் கப்பல் கிளம்ப இரண்டரை மணி நேரமும் நான்கு டக்குகளும் வேண்டும். அன்று டக்கே இல்லாமல் முக்கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டது. எட்விண் ஹில் என்ற மூத்த போஸன் கரைத்தூணுக்குத் தாவிக் கயிறுகளை அவிழ்த்துவிட்டு, நகரத் தொடங்கிய கப்பலுக்கு நீந்தித் திரும்பினார். எரிகிற அரிசோனாவைக் கடந்து நெவாடா வாசல் பக்கம் போவதைப் பார்த்து மற்றக் கப்பல்களில் இருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்களாம். இதை எழுதும்போது எனக்கும் சிலிர்க்கிறது.

ஆனால் இரண்டாவது அலையாக வந்த விமானங்களும் அதைப் பார்த்துவிட்டன. வாசல் கால்வாயில் ஒரு போர்க்கப்பலை மூழ்கடித்தால் துறைமுகமே பூட்டியதாகிவிடும். குண்டுகள் நெவாடாவின் முன்பாதியில் வரிசையாக விழுந்தன. வெளியே போக வேண்டாம் என்று சமிக்ஞை வந்தது. ஒன்பது மணி தாண்டியதும் ஆஸ்பத்திரி முனை என்ற இடத்தில் அணியத்தைத் தரையில் ஏற்றி நிறுத்தினார்கள். நங்கூரம் போடப் போன ஹில் அங்கே விழுந்த குண்டில் இறந்தார்.

தரைதட்டியாயிற்று, வேலை முடிந்தது என்று நினைக்கலாம். இல்லை. ஆஸ்பத்திரி முனை கால்வாயின் ஓரம். அணியம் தரையில் இருக்கிறது. பின்பாதி நீரில் மிதக்கிறது. நீரோட்டம் அதைத் திருப்பினால், கப்பல் குறுக்கே விழுந்து, எதைத் தடுக்க நினைத்தார்களோ அதுவே நடந்துவிடும். உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது, முன்பாதி எரிந்துகொண்டிருந்தது. இந்த நிலையில் ஹோகா வந்து நெவாடாவின் அணியத்தில் தன்னைக் கட்டிக்கொண்டது. 177 மீட்டர் நீளக் கப்பலோடு 30 மீட்டர்க் கப்பல். ஒரு பக்கம் தண்ணீர்ப் பீச்சிகளால் தீயில் அடித்துக்கொண்டே, மறுபக்கம் எஞ்சின் சக்தி முழுவதையும் போட்டு இழுத்தது. நெவாடா தரையை விட்டது. கால்வாயின் குறுக்கே அதை நகர்த்தி, மேற்குக் கரையில் வாய்ப்பியோ முனையில், பின்பக்கம் கரையில் ஏறும்படி ஒதுக்கினார்கள். 'அவோசெட்' என்ற சிறு கப்பலும் சேர்ந்து தீயணைத்தது. மணி பதினொன்றை நெருங்கியிருந்தது. நெவாடா அங்கேதான் அமிழ்ந்து அமர்ந்தது. ஆழமில்லாத, வழியை மறிக்காத இடம். பின்னால் தூக்கி எடுக்கத் தோதான இடமும் அதுவே.

நெவாடா உண்மையிலேயே கால்வாயை அடைத்திருக்குமா என்று பின்னாளில் வாதங்கள் நடந்தன. கால்வாயின் அகலத்தையும் கப்பலின் நீளத்தையும் காகிதத்தில் வைத்து அளந்து பார்த்தவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் ஈடுபாடு இல்லை. மெக்மேனஸின் கையில் காகிதம் இல்லை, நேரம் இல்லை. எதிரே எரிகிற கப்பலும் காலடியில் ஆயிரம் குதிரைத்திறனும்தான் இருந்தன. அவர் செய்தது சரி.

எல்லா டக்குகளுக்கும் இப்படி வாய்க்கவில்லை. 'சோட்டோயோமோ' என்ற பழைய டக் பழுதுபார்ப்புக்காக மிதக்கும் உலர்துறையில், 'ஷா' என்ற டெஸ்ட்ராயரோடு ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. ஓட முடியாது, ஒதுங்க முடியாது. ஷாவின் முன்பகுதி வெடித்துச் சிதறியபோது உலர்துறையோடு அதுவும் மூழ்கியது. உலகம் முழுக்கப் பாடப் புத்தகங்களில் வந்த அந்த வெடிப்புப் புகைப்படத்தில் ஷாவைப் பார்க்கிறோம். அதன் பக்கத்தில் ஒரு டக்கும் இருந்தது என்பதைச் சொல்பவர் குறைவு. பின்னால் அதையும் தூக்கிச் சரிசெய்து வேலைக்கு அனுப்பினார்கள்.

*

விமானங்கள் போய்விட்டன. தீ போகவில்லை.

ஹோகா போர்க்கப்பல் வரிசைக்குத் திரும்பியது. 'மேரிலாண்ட்', 'டென்னஸி' ஆகியவற்றின் அருகே தண்ணீர் அடித்தது. அப்புறம் அரிசோனா. ஞாயிறு மாலை 4 மணிக்கு அதன் அருகே போன ஹோகா, செவ்வாய் பகல் 1 மணி வரை அங்கிருந்து நகரவில்லை.

எண்ணெய்த் தீயோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது தெரியும்: தண்ணீர் அதை அணைக்காது, தள்ளத்தான் செய்யும். பீச்சியை நீரின் மேற்பரப்பில் தாழ்வாக அடித்து, எரிகிற எண்ணெயைக் கப்பலை விட்டு ஓட்ட வேண்டும். நிறுத்தினால் திரும்பி வரும். கப்பலின் தகடுகளைக் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் உள்ளே உள்ள வெடிமருந்து தன் வேலையைக் காட்டும். தன் கப்பலின் பக்கத்து எண்ணெயையும் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியேற வழியின்றி 'வெஸ்ட் வர்ஜீனியா'வுக்கும் துறைக்கும் நடுவில் சிக்கிக்கொண்ட டென்னஸி, தன் விசிறிகளை ஓடவிட்டு அந்த நீரோட்டத்தால் அரிசோனாவின் எண்ணெய்த் தீயை விலக்கிக்கொண்டிருந்தது. கப்பல் ஓர் அங்குலம் நகரவில்லை. விசிறிகள் மட்டும் ஓடின. துறைமுகத்தின் குப்பை ஏற்றும் படகுகூட, ஒய்.ஜி. 17 என்ற எண்ணுடையது, 'வெஸ்ட் வர்ஜீனியா'வின் பக்கத்தில் போய் நின்று தண்ணீர் அடித்தது. அன்று எது மிதந்ததோ அது தீயணைப்புக் கப்பல் ஆயிற்று.

இரண்டு இரவுகள் அந்தப் புகைக்குள் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். பம்ப் நிற்கக் கூடாது. ஆகவே எஞ்சினும் நிற்காது. எஞ்சின் அறையில் இருப்பவருக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாது. மேல்தளத்தில் இருப்பவருக்குத் தெரிகிறது. தெரிந்துகொண்டே நிற்க வேண்டும். அவர்களைச் சுற்றி நீரில் கிடந்தவர்கள் எல்லோரும் உயிரோடு இல்லை.

1942 பிப்ரவரியில், பசிபிக் கடற்படைக்குத் தலைமை ஏற்றிருந்த அட்மிரல் நிமிட்ஸ், ஹோகாவின் தலைவருக்கும் மாலுமிகளுக்கும் பாராட்டுக் கடிதம் கொடுத்தார். சீஃப் போஸன்ஸ் மேட் ஒருவருக்கு அட்மிரலிடமிருந்து வந்த கடிதம். ஹில்லுக்கும் யங்குக்கும் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. டக்குக்குக் கடிதம். இதில் எனக்கு மனக்குறை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

*

அதற்குப் பிறகு நடந்தது, என் பார்வையில், அன்றைய தினத்தைவிடப் பெரிய வேலை.

மூழ்கிய கப்பல்களைத் தூக்கும் பணி கேப்டன் ஹோமர் வாலின் தலைமையில் தொடங்கியது. முக்குளிப்பவர்கள் மொத்தம் 5,000 முறைக்குமேல் இறங்கினார்கள். நீருக்கடியில் அவர்கள் செலவிட்டது சுமார் 20,000 மணி நேரம். ஓட்டைகளை மரத்தாலும் கான்கிரீட்டாலும் அடைத்து, தண்ணீரை இறைத்து, வெடிமருந்தையும் எண்ணெயையும் இறக்கி, கப்பலை இலகுவாக்கி மிதக்கவிட்டு, உலர்துறைக்குக் கொண்டுபோக வேண்டும். இதில் பம்ப் ஏற்றிய பார்ஜுக்கு எஞ்சின் இல்லை. மிதக்கும் கிரேனுக்கு எஞ்சின் இல்லை. எண்ணெய் வாங்கும் தொட்டிப் படகுக்கு இல்லை. தூக்கிய கப்பலுக்கும் இல்லை. துறைமுகத்தில் எஞ்சின் இல்லாத எதுவும் டக் இல்லாமல் நகராது. ஆகவே ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பொருளும் டக்குகளின் மூக்கால் நகர்ந்தன.

நெவாடா 1942 பிப்ரவரி 12 அன்று மிதந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு அதன் உள்ளே தேங்கியிருந்த விஷவாயுவில் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். 'கலிபோர்னியா' மார்ச்சில் எழுந்தது. வெஸ்ட் வர்ஜீனியா மே மாதம் எழுந்தது. அதன் உள்ளறை ஒன்றில் மூன்று மாலுமிகளின் உடல்களோடு ஒரு நாட்காட்டி கிடைத்தது. டிசம்பர் 23 வரை தேதிகளை அடித்திருந்தார்கள். மேலே டக்குகளும் படகுகளும் ஓடிக்கொண்டிருந்த அதே நாட்கள். இதற்குமேல் என்னால் இதைப் பற்றி எழுத இயலவில்லை.

நெவாடா 1944 ஜூனில் நார்மண்டிக் கடற்கரைமீது குண்டுவீசிக்கொண்டிருந்தது. வாய்ப்பியோ முனையில் ஒதுக்கப்பட்ட அதே கப்பல்.

பேர்ல் ஹார்பரைத் தாக்கிய ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள் இதற்கிடையில் நம் பக்கம் வந்துவிட்டுப் போயின. அந்த ஆறில் ஐந்து 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பையும், 9-ஆம் தேதி திருகோணமலையையும் தாக்கின. அங்கும் துறைமுகத்தில் கப்பல்கள் மூழ்கின. ஆனால் லியோனார்ட் பர்ச்சால் என்ற கனடிய விமானி முந்தின நாளே கடலில் அந்தப் படையைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தார். கொழும்புத் துறைமுகத்தில் இருந்த கப்பல்களில் பலவற்றை முன்கூட்டியே வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு துறைமுகத்தைக் காலி செய்வது என்றால் யாருடைய வேலை என்பது இந்த அத்தியாயத்தைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்டனிலோ டக்குகளுக்குப் பெரும் பஞ்சம். கப்பல் கட்டும் தளங்கள் நிரம்பி வழிந்தன. ஆகவே கப்பலே கட்டியிராத தொழிற்சாலைகளில் டக்கை எட்டுத் துண்டுகளாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து பற்றவைத்தார்கள். டிட் வகை டக்குகள் என்று பெயர். இப்படி 182 கட்டினார்கள். படைகளைக் கரையிறக்குவதற்குத் துறைமுகத்தையே துண்டு துண்டாகச் செய்து நார்மண்டிக்கு இழுத்துப் போன கதை தனி அத்தியாயமாக வரும். அதில் இவற்றை மறுபடி சந்திப்போம்.

*

போர் முடிந்ததும் பேர்ல் ஹார்பரின் டக்குகள் பல பழைய இரும்பாகப் போயின. ஹோகாவுக்கு வேறு வேலை கிடைத்தது. 1948-ல் கலிபோர்னியாவின் ஓக்லாண்ட் துறைமுகம் அதைக் கடற்படையிடமிருந்து குத்தகைக்கு எடுத்துத் தீயணைப்புக் கப்பலாக்கியது. எரிகிற கப்பலின் அருகே போய் நிற்பதுதான் அதற்குத் தெரிந்த வேலையாயிற்றே. பெயர் 'சிட்டி ஆஃப் ஓக்லாண்ட்' என்று மாறியது. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குமேல் அங்கே அது தீயணைத்தது. 1989-ல் அமெரிக்க அரசு அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தபோதும் அது பணியில்தான் இருந்தது.

பிறகு ஓய்வு. கடற்படை அதைத் திரும்ப வாங்கி, சுய்சன் விரிகுடாவில் பயனற்ற கப்பல்களோடு நிறுத்தி வைத்தது. 2005-ல் அர்கன்சாஸ் மாநிலத்தின் நார்த் லிட்டில் ராக் நகருக்கு அதைக் கொடுத்தார்கள். கடலே இல்லாத மாநிலம். கடலிலிருந்து ஆற்றுவழியாக அங்கே அது போய்ச் சேர்ந்தது 2015 நவம்பரில். அங்குள்ள அருங்காட்சியகத்தில் அதன் பக்கத்தில் நிற்பது 'ரேசர்பேக்' என்ற நீர்மூழ்கி. 1945 செப்டம்பர் 2 அன்று டோக்கியோ விரிகுடாவில் ஜப்பான் சரணடைந்தபோது அங்கே நின்ற கப்பல்களில் அதுவும் ஒன்று. அமெரிக்காவின் பசிபிக் போர் தொடங்கிய இடத்தில் இருந்த கப்பலும் முடிந்த இடத்தில் இருந்த கப்பலும் இன்று ஒரே ஆற்றங்கரையில் கட்டியிருக்கின்றன.

அடுத்த வாரம் 'ஓக்லஹோமா'. கவிழ்ந்து கிடந்த அந்தப் போர்க்கப்பலை 1943-ல் ஃபோர்ட் தீவின் கரையில் 21 வின்ச்சுகளை நட்டு நிமிர்த்தினார்கள். நான்கு ஆண்டு கழித்து 'ஹெர்குலிஸ்', 'மோனார்க்' என்ற இரண்டு டக்குகள் அதை உடைப்புத் தளத்துக்கு இழுத்துச் சென்றபோது, நடுக்கடலில் புயலில் அது மூழ்கத் தொடங்கி, இரண்டு டக்குகளையும் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது.